உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?

கேள்வி: 2,400 ரூபாய்க்கு ‘பி.யு. லெதர்’ கைப்பை வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் பொருக்குப் பொருக்காக உரிகிறது. தோல் இப்படியா உரியும்? (வாசகி, திருச்சி)

பதில்: உரியாதம்மா. அது தோலே இல்லை. துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவுக்குள் சும்மா இருந்தாலே பிரிந்துவிடும். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்குக் கறுப்புப் பை எடுத்துப் போனேன். பந்தியிலிருந்து எழுந்து பார்த்தால் சந்தன நிறப் பட்டுப்புடவை மடியெல்லாம் கறுப்புச் செதில். “சுத்தமான லெதர்மா” என்று சொல்லித்தான் விற்றார்கள். உங்கள் பில்லில் வெறும் ‘லெதர்’ என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: புதுப் பையின் வார் அறுந்துவிட்டது. பில் வாங்கவில்லை. மாற்றித் தருவார்களா? (வாசகி, மதுரை)

பதில்: பில் இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? எத்தனை முறை எழுதுவது!

கேள்வி: பத்தாம் நாளே ஜிப் பிடிக்கவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார்கள். (வாசகி, சேலம்)

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். முதலில் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வங்கி வேலை, தினமும் மின்சார ரயில். அழகான பை உதவுவதில்லை, உதவுகிற பை அழகாக இல்லை. எதைப் பார்த்து வாங்குவது? (வாசகி, தாம்பரம்)

பதில்: இது என் நெடுநாள் ஆதங்கம். பை வடிவமைப்பவர்கள் அதை ஒரு வாரம் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏன் கறுப்புத் துணி? சாவியும் கறுப்பு, பர்ஸும் கறுப்பு, இருட்டில் வாசலில் நின்று துழாவுகிறோம். வெளிர் நிறத் துணி போட்டால் செலவு கூடுமா? போன் வைக்கும் அறை உடம்பை ஒட்டிய பக்கம், ஜிப்போடு இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் திருடனுக்குத்தான் வசதி. வார் பையோடு சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் போதாது. கட்டம் போட்டு, குறுக்கே தைத்து, உள்ளே இன்னொரு தோல் துண்டு வைத்திருக்க வேண்டும். விரல் அகல வார் தோளை அறுக்கும். வெறும் பையைத் தூக்கிப் பாருங்கள், ஒரு கிலோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அதற்கு மேல்தானே ஏறும்? இத்தனையும் சரியாக அமைந்த பைக்குத் தங்க நிறக் கொக்கி தேவையே இல்லை, அதுவே அழகாக இருக்கும்.

தோல்தானா என்று அறிய, ஓரத்தையும் உள்பக்கத்தையும் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். துணி நெசவு தெரிந்தால் ரெக்சின் வகை. வாசனையை நம்பாதீர்கள், அதைத் தெளித்தும் விற்கிறார்கள்.

கேள்வி: வீட்டிலேயே பை தைத்து விற்க ஆசை. எந்தத் தோல் வாங்கலாம்? (வாசகி, வேலூர்)

பதில்: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்போது கவலை எதற்கு? மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும், நாளாக ஆக நிறம் ஆழமாகும். ஆனால் தண்ணீர் பட்டால் கறை படும். குரோமிய உப்பில் பதனிட்ட ‘குரோம்’ தோல் மெத்தென்று இருக்கும், மழையையும் ஓரளவு தாங்கும். தினசரிப் பைக்கு அதுவே சரி. ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமன் போதும். முதல் பையை விற்காமல் நீங்களே மூன்று மாதம் மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் தோல் பையில் பூசணம் பிடிக்கிறது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணியுங்கள். பூசணத்தை உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயில் வேண்டாம், தோல் வெடித்துவிடும்.