மின் இணைப்பில்லாத இடத்தில் மூன்று நாள் தங்கும்போது வண்டி பேட்டரியில் இன்வெர்ட்டர் மாட்டி மின்விசிறி, மிக்ஸி, கெட்டில் ஓட்டலாமா?

மின்விசிறியும் விளக்கும் தாராளமாக ஓட்டலாம், மிக்ஸியைச் சற்று நேரம் ஓட்டலாம், கெட்டிலை மறந்துவிடுங்கள். ஆனால் எதை ஓட்டினாலும் வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் கை வைக்காதீர்கள். மூன்று நாள் என்றும் மிக்ஸி என்றும் நீங்கள் எழுதியிருப்பதால் குடும்பத்தோடு போகிறீர்கள், பெரியவர்களும் குழந்தைகளும் உடன் வருவார்கள் என்று எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்தில், காங்கேயம் வட்டாரத்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு சோடி மயிலைக் காளைகளை ஓட்டிச் சென்றோம். விலை படியும் வரை மாட்டோடு அங்கேயே தங்குவது வழக்கம் என்பதால், கிளுவை வேலி ஓரம் ஒரு வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டோம். இழுப்பு நோயுள்ள (ஆஸ்துமா) என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தான் வளர்த்த காளைகளைத் தானே கைமாற்றிக் கொடுக்க வேண்டுமென்று பிடிவாதமாக உடன் வந்தார். அவருக்காக, மருந்தைப் பனிபோல் தூவி மூச்சுவழி கொடுக்கும் நெபுலைசரையும் ஒரு மேசை மின்விசிறியையும் எடுத்துக்கொண்டேன். நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். எனக்கு மின்சாரக் கணக்குத் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

புறப்படும் முன் 500 வாட் இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். "இதை மாட்டினால் ஒரு வீட்டையே ஓட்டலாமுங்க, கவலையே வேண்டாம்" என்றார் கடைக்காரர். இன்வெர்ட்டரில் எழுதியிருக்கும் வாட், ஒரே நேரத்தில் அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் பேட்டரிதான் சொல்ல வேண்டும். இதை ஒரு வார்த்தை சொல்லாமல் விற்பவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. பவர் பேங்குகளிலும் இதே கதைதான்: 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள், ஆனால் அது உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-அவர்தான் வரும், அதாவது ஒரு வாட் சுமையை 74 மணி நேரம் ஓட்டும் அளவு.

எங்கள் பிக்கப் வண்டியின் பேட்டரி 12 வோல்ட், 70 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 840 வாட்-அவர். 50 வாட் மின்விசிறி ஒன்பது மணி நேரம் ஓடினால் 450. இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பதையும், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மாட்டிய கைப்பேசிகளையும் சேர்த்தால் 600-ஐத் தொடும். கிளப்பும் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் பெரிய மின்னோட்டம் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏறுவதற்காகச் செய்யப்பட்டவை அவை. இரவு முழுவதும் கறந்தால் பேட்டரியே கெட்டுவிடும். இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுமே என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் அளவில்தான் நிற்கும், அதற்கு வெகு முன்பே வண்டியைக் கிளப்பும் தெம்பு பேட்டரியிடம் இருக்காது.

விடியற்காலை நான்கு மணிக்கு அப்பிச்சிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. நெபுலைசரைப் போட்டதும் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒலி மட்டும் வந்தது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிய அந்த நிமிடங்களில், நான் கற்ற தொழில் எனக்கு எதற்கும் உதவவில்லை. பக்கத்தில் மாடு கட்டியிருந்த வெள்ளகோவில்காரர் ஒருவர், "பதறாதீங்க தம்பி" என்று சொல்லித் தன் டிராக்டரை அருகில் கொண்டுவந்து நிறுத்தி, இயந்திரம் ஓட ஓட அதன் பேட்டரியில் எங்கள் இன்வெர்ட்டரை மாட்டினார். கால் மணி நேரம் மருந்து உள்ளே போன பிறகுதான் அப்பிச்சி நிமிர்ந்தார். "ஒன்னுமில்லை கண்ணு, காளைக்குத் தண்ணி காட்டு" என்றார்.

நோயாளியை அங்கே அழைத்துச் சென்றதே தவறு என்று சிலர் சொல்லக்கூடும். எழுபது ஆண்டுகள் மாட்டோடு வாழ்ந்த மனிதரை அந்தச் சந்தையிலிருந்து எப்படித் தடுப்பது என்று அவர்கள் எனக்குச் சொல்லட்டும்.

அடுத்த ஆண்டு 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைத் தனியாகக் கொண்டுபோனோம். அதில் 1,280 வாட்-அவர் இருக்கும், ஏறத்தாழ முழுவதையும் எடுக்கலாம்; எடை 12 கிலோ அளவில்தான் இருக்கும். ஈய-அமில பேட்டரிதான் கைக்கு எட்டும் என்றால் தவறில்லை, ஆனால் அதில் பாதியை மட்டுமே உங்களுடையதாக நினையுங்கள். ஓய்வில் வைத்து அளக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். லித்தியத்தில் இந்த அளவு உதவாது, ஏனென்றால் கடைசி வரை அதன் வோல்ட் பெரிதாக இறங்காது. போன மின்சாரத்தைக் கணக்கிடும் மீட்டர் ஒன்றைச் சேர்த்து மாட்டுங்கள்.

இன்வெர்ட்டரே தேவைப்படாத 12 வோல்ட் மின்விசிறி 15 வாட்டில் ஓடும். அது பத்து மணி நேரத்துக்கு 150, இரண்டு சிறு விளக்குகளுக்கு 50, நான்கு கைப்பேசிகளுக்கு 80, இருமுறை நெபுலைசருக்கு 90 என்று நாளொன்றுக்கு 370 வாட்-அவர் ஆனது. 100 வாட் சூரியத் தகடு ஒன்று இருந்தால் எங்கள் சித்திரை வெயிலில் அதில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடும்.

கெட்டிலை ஏன் மறக்கச் சொன்னேன் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே 87 வாட்-அவர் வேண்டும், இழப்போடு சேர்த்தால் 100-ஐத் தாண்டும். அந்த மின்விசிறியை ஏழு மணி நேரம் ஓட்டக்கூடிய மின்சாரம் அது. காப்பிக்குச் சிறிய எரிவாயு அடுப்பு எடுத்துச் செல்லுங்கள். 500 வாட் மிக்ஸிக்குப் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் வரும், கிளம்பும் நொடியில் அதைப்போல் சில மடங்கு. ஆகவே ஒயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும், பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் தூய சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை, கொடுப்பதாக இருக்கட்டும். அப்படிக் கொடுக்காத எங்கள் பழைய இன்வெர்ட்டரில் நெபுலைசர் மோட்டார் இரைந்துகொண்டே சூடேறியது. ரீவைண்டிங் செய்பவனுக்கு அந்த ஒலி நன்றாகவே தெரியும்.

உங்களோடு வருபவர்களில் யாருக்காவது மூச்சுத் தொல்லை இருந்தால், மின்சாரமே தேவைப்படாத, ஸ்பேசர் என்ற குழாயுடன் கூடிய இன்ஹேலர் அவருக்குப் பொருந்துமா என்று முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சிறு பேட்டரி செல்லில் ஓடும் கையடக்க மெஷ் நெபுலைசரும் கிடைக்கிறது; அதற்குச் சில வாட்டே போதும். உங்கள் கருவிகளின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் எண்களைக் கீழே எழுதுங்கள், எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.