ஏழாண்டுத் தவணையில் பெரிய கார் வாங்கலாமா?

கேள்வி: முடிச்சூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போக வர தினமும் சுமார் 44 கிலோமீட்டர் பைக்கில் ஓட்டி முதுகுவலி வந்துவிட்டது. மனைவி, 9 வயது மகன், 4 வயது மகள், முட்டிவலி உள்ள அம்மா என்று ஐந்து பேர். ஆண்டுக்கு மூன்று முறை கோவில்பட்டிக்குப் போவோம். கையில் வரும் சம்பளம் 92,000 ரூபாய், வீட்டுக்கடன் தவணை 24,000 ரூபாய், சேமிப்பு 7 லட்சம். ஷோரூமில் 11.5 லட்சம் விலையுள்ள பெட்ரோல் எஸ்யுவி ஒன்றைக் காட்டி, 4 லட்சம் முன்பணம் கட்டினால் மாதம் 16,400 ரூபாய் வீதம் ஏழு ஆண்டு கட்டலாம் என்கிறார்கள். மைத்துனர் டீசல் வாங்கச் சொல்கிறார். ஏழு பேர் போகும் வண்டியாக வாங்கு என்று அக்கா சொல்கிறார். எதை வாங்குவது, எவ்வளவு கடன் வாங்குவது?

பதில்: கார் உங்களுக்குத் தேவைதான். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கனரக லாரிகளுக்கு நடுவே முதுகுவலியோடு பைக் ஓட்டுவதை இன்னும் பல ஆண்டுகள் தொடருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஷோரூமில் காட்டிய அந்த வண்டியும் அந்தக் கடனும் வேண்டாம்.

முதலில் விலையைப் பார்ப்போம். 11.5 லட்சம் என்பது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது வரியும் காப்பீடும் சேராத விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரி மாற்றப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரையுள்ளவற்றுக்கு 18 சதவீதம். ஆகவே அந்த வண்டிக்கு வரி மட்டும் 2 லட்சத்து 7 ஆயிரம். காப்பீட்டுக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்தைத் தாண்டிய வண்டி என்பதால் ஒரு சதவீதம் வருமான வரியாகவும் முன்கூட்டியே பிடிப்பார்கள். அது கணக்குத் தாக்கலின்போது திரும்பக் கிடைக்கும் என்றாலும் இன்றைக்குக் கையிலிருந்து போகும் பணம்தான். எல்லாம் சேர்ந்து வண்டி வீட்டுக்கு வரும்போது 14.2 லட்சம் ஆகியிருக்கும். 4 லட்சம் முன்பணம் போக, நீங்கள் வாங்கப்போகும் கடன் 10.2 லட்சம்.

இந்த 10 லட்சக் கோட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 9.95 லட்சம் விலையுள்ள காருக்கு வரி 1,29,350 ரூபாய்; 10.05 லட்சம் விலையுள்ள காருக்கு 1,80,900 ரூபாய். விலையில் 10,000 ரூபாய் கூடியதற்கு வரியில் 51,550 ரூபாய் கூடுகிறது. ‘இன்னும் கொஞ்சம் போட்டால் சன்ரூஃப் உள்ள மாடல் கிடைக்கும்’ என்று சொல்வார்கள். அந்தக் கொஞ்சம் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறதா என்று அந்த இடத்திலேயே கணக்குப் போடுங்கள்.

அடுத்து கடன். 9 சதவீத வட்டி என்று கொண்டால் 10.2 லட்சத்துக்கு ஏழு ஆண்டில் நீங்கள் கட்டும் வட்டி மட்டும் 3.58 லட்சம். நான் சொல்வது இதுதான்: எக்ஸ்-ஷோரூம் விலை 9 லட்சத்துக்குள் ஒரு கார். வரி 1.17 லட்சம், காப்பீடு, பதிவுச் செலவு சேர்த்து ஏறத்தாழ 10.6 லட்சம் ஆகும். சேமிப்பிலிருந்து 4.6 லட்சம் போடுங்கள். 6 லட்சம் மட்டும் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்குங்கள். மாதத் தவணை 12,455 ரூபாய், மொத்த வட்டி 1.47 லட்சம். வட்டியில் மட்டுமே 2 லட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறது. மீதமிருக்கும் 2.4 லட்சத்தை எந்தக் காரணம் கொண்டும் தொடாதீர்கள். முட்டிவலி உள்ள தாயும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் வீடு, ஒரே சம்பளம். அந்தப் பணம் வங்கியில் இருந்தே ஆக வேண்டும்.

தவணையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். தவணையோடு எரிபொருள், ஆண்டுக் காப்பீடு, சர்வீஸ், நான்கைந்து ஆண்டில் வரும் டயர் செலவு எல்லாவற்றையும் மாதக் கணக்காக்கிச் சேர்க்க வேண்டும். ஷோரூம் சொன்ன வண்டிக்கு இது மாதம் 31,000 ரூபாயைத் தொடும். வீட்டுக்கடனும் சேர்ந்தால் 55,000. ஐந்து பேர் குடும்பத்துக்கு மிஞ்சுவது 37,000 ரூபாய். இப்படியே ஏழு ஆண்டு. அதற்குள் உங்கள் மகன் பள்ளி முடிக்கும் வயதை நெருங்கியிருப்பான். நான் சொல்லும் வழியில் கார் செலவு மாதம் 23,000 ரூபாய்க்குள் அடங்கும். உங்கள் வருமானத்தில் அது கால் பங்கு. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட நான் அனுமதிக்க மாட்டேன்.

அக்காவின் யோசனைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் ஐந்து பேர். அக்கா குடும்பமும் சேர்ந்து ஊருக்குப் போவது ஆண்டில் ஒன்றிரண்டு முறை இருக்கலாம். அன்றைக்கு ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுப்பதுதான் மலிவு. நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்று கோவில்பட்டி வழியாகத்தான் போகிறது. அம்மாவின் முட்டிக்கு இரவு ரயிலில் படுத்துக்கொண்டு போவது காரைவிட நல்லது என்பதையும் யோசியுங்கள். மூன்றாவது வரிசை இருக்கைகளைச் சுமந்துகொண்டு தினமும் நீங்கள் ஒருவராக ஒரகடம் போய் வர வேண்டாம்.

டீசல் வேண்டாம். உங்கள் ஓட்டம் மாதம் 1,100 கிலோமீட்டர். ஊர்ப் பயணங்களும் சேர்ந்தால் ஆண்டுக்கு 18,000 வரும். டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையை மீட்க இந்த ஓட்டம் போதாது. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் இப்போதைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சூடேறி அந்தக் கரி எரிந்து போக, வண்டி நல்ல வேகத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டும். படப்பை நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அது வாய்க்காது.

மின்சார கார் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அடுக்குமாடியில் உங்கள் வாகன நிறுத்தத்தில் உங்கள் மீட்டரிலிருந்தே இணைப்பு எடுக்கச் சங்கம் எழுத்தில் சம்மதித்தால், தினமும் 44 கிலோமீட்டர் என்பது மின்சார காருக்கு மிகப் பொருத்தமான ஓட்டம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 350 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கட்டணம் உயர்ந்துவிடும் என்பதால், இப்போதைய மின் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். சம்மதம் கையில் இல்லாமல் முன்பதிவு செய்யாதீர்கள்.

மிஞ்சுவது பெட்ரோலும், சிஎன்ஜி எனப்படும் அழுத்திய இயற்கை எரிவாயுவும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நிஜ ஓட்டத்தில் 16 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,12,500 ரூபாய். சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், 21 கிலோமீட்டர் என்று வைத்தால் 77,000 ரூபாய். ஆண்டுக்கு 35,000 மிச்சம். வண்டி விலையிலும் அதற்கான வரியிலுமாகக் கூடும் ஒரு லட்சம் சுமார் மூன்று ஆண்டில் திரும்பிவிடும். நீங்கள் பத்து ஆண்டு ஓட்டப்போகிற வண்டி இது. ஆகவே உங்களுக்கு என் வாக்கு சிஎன்ஜிக்குத்தான், இரண்டு நிபந்தனைகளோடு.

ஒன்று, நீங்கள் போகும் வழியிலேயே நிரப்பும் நிலையம் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே போய் வரிசையைப் பாருங்கள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் சிஎன்ஜியை விட்டுவிடுங்கள். இரண்டு, ஒரே பெரிய சிலிண்டர் வைத்த வண்டியில் டிக்கி பெரும்பாலும் போய்விடும். ஐந்து பேரின் துணிமணியோடு கோவில்பட்டி போக முடியாது. இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் வைக்கும் அமைப்பு டாடா, ஹூண்டாய் கார்களில் வந்திருக்கிறது. டாடா நெக்ஸான் சிஎன்ஜியில் அப்படியும் 321 லிட்டர் இடம் மிஞ்சுகிறது. இருக்கையும் உயரமாக இருப்பதால் முட்டிவலி உள்ளவர்கள் குனியாமல் ஏறலாம். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. நெடுஞ்சாலையில் எரிவாயு தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும், பயம் வேண்டாம்.

நிபந்தனைகள் ஒத்துவராவிட்டால் பெட்ரோலில் மாருதி டிசையர். டிக்கி 382 லிட்டர், சர்வீஸ் மையங்கள் நாட்டிலேயே அதிகம் உள்ள நிறுவனம், எரிபொருள் சிக்கனத்தில் பெயர் பெற்ற வண்டி. அம்மா ஏறி இறங்க இருக்கை கொஞ்சம் தாழ்வு, அதுதான் குறை. இரண்டு வண்டிகளும் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. இதை நான் பேரம் பேச முடியாத விஷயமாக வைத்திருக்கிறேன். 4 வயது மகளுக்குக் குழந்தை இருக்கை பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, பின்னிருக்கையின் நடுவில் உட்காருபவருக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று நீங்கள் வாங்கும் அதே மாடலில் பாருங்கள். இரண்டு கார்களும் நான்கு மீட்டருக்குள் அடங்குபவை, எஞ்சினும் 1,200 சிசிக்குள் என்பதால் 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 சதவீத ஜிஎஸ்டியில் வருகின்றன.

எந்த வண்டி உழைக்கும் என்பதை விளம்பரத்தைவிட உங்கள் தொழிற்சாலை வாசலில் நிற்கும் ஒப்பந்த கார் ஓட்டுநர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவரிடம், எந்தப் பாகம் முதலில் போனது, எந்த சர்வீஸ் மையம் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்கிறது என்று கேளுங்கள்.

கடனுக்குச் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் பேசி, ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது அசலில் கட்டலாம். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்கு, சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டுக்கு என்று பிரித்து வெளியில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். பல நேரம் நல்ல வித்தியாசம் வரும். தேய்மானம் கழிக்காத காப்பீட்டை முதல் ஐந்து ஆண்டு கட்டாயம் எடுங்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ரசீதில் ஒரு தொகை இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். கால்மிதியும் வாசனைப் புட்டியும் சேர்ந்த அலங்காரப் பொட்டலம் வேண்டாம்; நீட்டித்த உத்தரவாதத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

கோவில்பட்டிப் பயணத்துக்கு இன்னொன்று: பரனூரில் தொடங்கி வழிநெடுகச் சுங்கச்சாவடிகள். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ், தேசிய நெடுஞ்சாலைகளில் 200 முறை கடக்கப் பயன்படும். மூன்று முறை போய் வரும் உங்களுக்கு அது கட்டாயம் லாபம்.

முன்பதிவுப் பணம் கட்டும் முன் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போய், ஐந்து பேரும் உட்கார்ந்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பதிவுக்கு முன்பே வண்டியைப் பார்த்து, அதன் சேஸிஸ் எண்ணில் உற்பத்தி மாதமும் ஆண்டும் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். போன ஆண்டு தயாரித்த வண்டியாக இருந்தால், அதற்குரிய தள்ளுபடி ரசீதில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.