எட்டு மாதக் குழந்தை ஊட்டினால் வாய் திறப்பதில்லை. தானே எடுத்துச் சாப்பிட விடலாமா?

விடலாம். உங்கள் மகள் கரண்டியைத் தட்டிவிட்டுக் கிண்ணத்துக்குள் கையை விடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்தியும் இருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் மருத்துவர் அல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றாலோ, எடை சரியாக ஏறவில்லை என்றாலோ முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் ராகிக் கூழில் தொடங்கினோம். மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டவள், பிறகு உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மாமியார் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து, காக்காயைப் பார்த்து வாய் பிளக்கும் நொடியில் ஒரு வாய் திணித்துவிடுவார். அன்பினால் செய்ததுதான், ஆனால் பாதி வெளியே வழியும். ஒரு நாள் காலை என் மடியில் இருந்தவள் என் தட்டிலிருந்த இட்லியைக் கொத்தாகப் பிடித்தாள். அது விரலிடுக்குகளில் பிதுங்கியது. மணிக்கட்டில் ஒட்டியதைத்தான் முதலில் நக்கினாள். அன்று கால் இட்லியாவது உள்ளே போயிருக்கும்.

அதன்பின் கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை இரு விரலால் நசுக்கினால் மசியும் அளவுக்கு வேகவைத்து, சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தேன். அந்த வயதில் உள்ளங்கையால்தான் பிடிக்க வரும் என்பதால், மூடிய கைக்கு வெளியே துண்டு நீண்டிருந்தால்தான் கடிக்க முடியும்.

இரண்டாம் வாரம் கிழங்குத் துண்டு ஒன்று உள்ளே போய் ஓங்கரித்தாள். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டியது, மாமியார் அலறிவிட்டார். நான் எழுந்து போவதற்குள் நாக்கால் வெளியே தள்ளிவிட்டு, அதே துண்டை மறுபடி வாயில் வைத்தாள். ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. சத்தமும் இருமலும் பலமாக இருந்தால் பெரும்பாலும் குழந்தையே வெளியே தள்ளிவிடும். சத்தமே எழாமல் மூச்சுத் திணறினாலோ நீலம் பாய்ந்தாலோ ஆபத்து. அதற்கான முதலுதவியை முன்பே பழகிக்கொள்ளுங்கள், சாப்பிடும்போது பக்கத்திலேயே இருங்கள். நியூசிலாந்தில் சுமார் 200 குழந்தைகளிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு, ஆபத்தான உணவுகள் எவை என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்திருந்த நிலையில், தாமே எடுத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு மூச்சடைப்பு கூடுதலாக இல்லை என்றே கண்டது. முழுத் திராட்சை, வேர்க்கடலை, பாப்கார்ன், பச்சைக் கேரட் ஆகியவை கூடவே கூடாது. ஒரு வயது வரை தேனும் வேண்டாம்.

ஊட்டுவதே தவறு என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது என்பதால், பருப்பும் முட்டையும் மசித்த சோற்றை நானும் ஊட்டினேன். அவள் வாயை மூடினால் நிறுத்தினேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், ஊட்டச் சோம்பல்பட்டுத் தட்டை வைத்துவிட்டேன் என்று என் காதுபடவே சொன்னார். மூன்று வேளையும் தரையையும் நாற்காலியையும் துடைத்தவள் நான். அந்தச் சொல் இன்றும் வலிக்கிறது.

ஒன்பதரை மாதத்தில், தட்டில் கிடந்த ஒரே ஒரு சோற்றுப் பருக்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுக்க முயன்றாள். இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை வாய்க்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்த மாமியார் ஒன்றும் சொல்லாமல் தட்டை அவள் பக்கம் இன்னும் சற்று நகர்த்தி வைத்தார்.