தக்காளி நாற்று மண்ணோரம் மெலிந்து சாய்கிறது: இன்னும் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். முளைத்த ஆறாம் நாளே மண் ஈரமாக இருந்தும் நாற்று சாய்கிறது என்றால் அது தாகம் இல்லை, பெரும்பாலும் நாற்றழுகல். மண்ணில் வாழும் பித்தியம் போன்ற பூஞ்சை மாதிரியான நுண்ணுயிரிகளின் வேலை. ஈரம் வடியாத மண்ணும், குழித்தட்டின் (நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு) மேல் போட்ட காற்றோட்டமில்லாத மூடியும் அதற்கு வசதி.

சாய்ந்த நாற்று ஒன்றை மெதுவாக எடுத்துப் பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பேறி, நீர்கோத்து, நூல் மாதிரி சுருங்கியிருக்கும். மேலே விதையிலை இரண்டும் பச்சையாகவே இருக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். அப்படியிருந்தால் அது பிழைக்காது. சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிடுங்கள்.

மீதி நாற்றுகளைக் காப்பாற்றத்தான் அவசரம். இன்றே மூடியை எடுங்கள். குழித்தட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். மேல்மண் வெளுத்துக் காய்ந்த பிறகு மட்டும் அடியிலிருந்து நீர் காட்டி, அரை மணி நேரத்தில் மிச்சத்தை வடித்துவிடுங்கள். அப்புறம், இப்போதைக்கு உரம் எதுவும் வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள்: தண்டு அடிவரை பச்சையாக, ஆனால் நீண்டு வளைந்திருந்தால் அது அழுகல் இல்லை, வெளிச்சக் குறைவு. அதைப் பிடுங்க வேண்டாம், வெளிச்சத்துக்கு மாற்றினால் போதும்.