அளவு சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். இரத்த அழுத்த மாத்திரை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் உங்கள் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பதில்கள் உதவட்டும்.

ஐயா, ஆறு மாதமாக அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். இப்போது 124/80 காட்டுகிறது. தலைவலியும் இல்லை. இனி நிறுத்திவிடலாமா?

அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். அந்த 124 மாத்திரையோடு சேர்ந்த அளவு. மாத்திரை இல்லாமல் எவ்வளவு இருக்கும் என்பதை அது சொல்வதில்லை. தலைவலி இல்லாததையும் கணக்கில் வைக்காதீர்கள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் இருக்கும்.

அம்லோடிபின் உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய முதல் இரண்டு நாளும் கருவி நல்ல எண்ணையே காட்டும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று மனம் தைரியம் கொள்ளும். அதற்குப் பிறகுதான் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். குளோனிடின், மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்றவற்றில் இதற்கு நேர்மாறான ஆபத்து: சட்டென்று நிறுத்தினால் அழுத்தமோ இதயத் துடிப்போ எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே வரலாம்.

எடை குறைந்து, உப்பும் குறைந்திருந்தால் மாத்திரையின் அளவைக் குறைக்க இடமுண்டு. இரண்டு வார இரத்த அழுத்த அளவுகளை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் கேளுங்கள்.

நேற்று மறந்துவிட்டேன். இன்று இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். தலைசுற்றி விழ நேரலாம். அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். "போட்டேனா, இல்லையா" என்ற குழப்பம் வந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஏழு கிழமைக்கும் ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தால் இந்தக் குழப்பமே வராது. அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று.

காலையில் போடுவது நல்லதா, இரவிலா?

இதய நோய்களைத் தடுப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு 2022இல் காட்டியது. நீங்கள் மறக்காத நேரமே நல்ல நேரம். சிறுநீர் பெருக்கி மாத்திரையைக் காலையில் போட்டால் இரவில் எழுந்து நடக்க வேண்டியிருக்காது. பிரசோசின் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடுவார்கள். முதல் தடவை மயக்கம் வரக்கூடும் என்பதால்.

எனக்கு வயது 66. டெல்மிசார்டனோடு சிறுநீர் பெருக்கியும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். மூட்டுவலிக்கு நானே வாங்கி டைக்ளோபினாக் போடுகிறேன். தவறா?

தவறுதான் ஐயா, இன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். டைக்ளோபினாக், இபுபுரோபென், நப்ராக்சென் மூன்றும் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். அதைவிடப் பெரிய கவலை சிறுநீரகம். அதன் வடிகட்டிக்குள் இரத்தம் வரும் குழாய் ஒன்று, வெளியேறும் குழாய் ஒன்று. வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். சிறுநீர் பெருக்கி மொத்த நீரையே குறைக்கும். மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே அங்கு இல்லாமல் போகிறது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடலில் நீர் வற்றினால் ஆபத்து இன்னும் கூடும். அந்த நாட்களில் டெல்மிசார்டனும் சிறுநீர் பெருக்கியும் சேர்ந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

எப்போதாவது வரும் வலிக்கு, கல்லீரல் கோளாறு இல்லாதவர்கள் பாராசிட்டமாலை அளவோடு போடலாம். ஆனால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் நிறைய இருக்கும். மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் பினைலெப்ரின், சூடோஎபெட்ரின் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று அட்டையைப் பாருங்கள். அவையும் அழுத்தத்தை ஏற்றும்.

எனலாப்ரில் தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல். மூன்று பாட்டில் மருந்து குடித்தும் போகவில்லை.

இருமல் மருந்து இதற்குக் கேட்காது. எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தடுக்கின்றன. இருமலுக்கு அதுவே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. (பிரேசிலிய விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்த குடும்பம் இது. அதன் முதல் மாத்திரையான கேப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.) மருத்துவர் வேறு வகைக்கு மாற்றினால் சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். எனலாப்ரில் வகை மாத்திரையை அதன்பின் ஒருபோதும் தொடக்கூடாது.

அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறது.

தெரிந்த பக்கவிளைவுதான். அளவு கூடினால் வீக்கமும் கூடும். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரை சேர்க்கலாம். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

இரண்டு மருத்துவர்களிடம் போகிறேன். இருவர் எழுதியதையும் சாப்பிடலாமா?

ஒரு பெரியவர் என் மேசை மீது இரண்டு அட்டைகளை வைத்து, "தலை சுற்றுகிறது, இதில் எது காரணம்?" என்று கேட்டார். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. பெரிய எழுத்தில் இரண்டு வெவ்வேறு பெயர்கள். கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் "டெல்மிசார்டன் 40". மூன்று வாரமாக இரட்டை அளவு சாப்பிட்டிருக்கிறார். இன்றும் அந்த இரண்டு அட்டைகள் என் கண்முன் நிற்கின்றன. நிறுவனம் வைத்த பெயரைப் பார்க்காதீர்கள், மருந்தின் பெயரைப் படியுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு இரு மருத்துவர்களிடமும் காட்டுங்கள்.

எனக்கு வயது 29. டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்.

கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள் அம்மா. சார்டன் வகையும் ப்ரில் வகையும் வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். லேபெடலால், மெத்தில்டோபா, நிபெடிபின் போன்றவை கர்ப்ப காலத்தில் பயன்படுபவை. உங்களுக்குப் பொருந்துவதை அவர் தேர்ந்தெடுப்பார். நாள் தள்ளிப்போனால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.

இரவில் திடீரென்று 182/110 காட்டியது. கூடுதலாக ஒரு மாத்திரை போடவா? நாக்கின் அடியில் வைக்கும் மருந்து நல்லது என்கிறார்களே?

இரண்டும் வேண்டாம். நிபெடிபினை நாக்கின் அடியில் வைத்து அழுத்தத்தைத் தடாலென்று இறக்கியதில் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததுண்டு. முதலில் சரியாக அளந்தீர்களா என்று பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கருவியின் பட்டையைத் துணி மறைக்காத கையில், இதய மட்டத்தில் கட்டுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். பதற்றத்தில் ஏறிய எண் பல சமயம் இப்படியே இறங்கிவிடும். இறங்காவிட்டால், வேறு தொந்தரவு இல்லையென்றாலும், மருத்துவரைத் தாமதமின்றி அழையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், கடும் தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அப்போது மறுபடி அளந்து பார்க்க உட்கார வேண்டாம்.