லேசர் இணைவு: அயனிகள் சொல்பேச்சு கேட்காத இடம் (கேள்வி பதில்)

பிளாஸ்மாவை நீர்மம் போலக் கணக்கிடுவது தப்பு என்கிறார்களே, எங்கே சார் தப்பு?
முதலில் விஷயம்: லேசர் இணைவில், எரிபொருள் நிரப்பிய ஒரு சின்ன உருண்டை உறையை (குண்டு) லேசரால் நசுக்கி, அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைய வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகும்; இரண்டும் கலந்த கொதிவாயுதான் பிளாஸ்மா. இனி உங்கள் கேள்வி. தேர்த்திருவிழாக் கூட்டம் ஆறு போல நகரும். அதே வீதியில் நள்ளிரவில் பத்துப் பேர் போனால் அவரவர் வழி. மோதல்களால் திசைமாறும் முன் ஓர் அயனி ஓடும் தூரம் எரிபொருள் குண்டின் அளவை நெருங்கினால், நீர்மக் கணக்கு படுத்துவிடும்.

எனக்குப் பிடித்த சோதனை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஒமேகா லேசரில், 60 கற்றைகளால் செய்தது. குண்டுக்குள் டியூட்டீரியமும் (கன ஹைட்ரஜன்) ஹீலியம்-3 வாயுவும். அயனியானபின் டியூட்டீரியம் எடை 2, துகள் 2 (ஒரு கரு, ஒரு எலக்ட்ரான்). ஹீலியம்-3 எடை 3, துகள் 3 (ஒரு கரு, இரண்டு எலக்ட்ரான்). ஆக, துகளுக்கு எடை இரண்டிலும் ஒன்றே! அடர்த்தியை மாற்றாமல் கலவையை எப்படி மாற்றினாலும் நீர்மச் சமன்பாட்டுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 2006-ல் வெளியான முடிவில், பாதிக்குப் பாதி கலவையில் விளைச்சல் (நடந்த இணைவுகளின் எண்ணிக்கை) எதிர்பார்த்ததில் ஏறத்தாழ பாதிதான். லேசான அயனி வெளியே நழுவுகிறது என்பது ஒரு விளக்கம். 2014-ல் வாயு அடர்த்தியைக் கன செ.மீ.க்கு 3.1 மில்லிகிராமிலிருந்து 0.14 வரை இறக்கிப் பார்த்தார்கள். இறங்க இறங்க, நீர்மக் கணக்கின் கணிப்பு நிஜ விளைச்சலை மேலும் மேலும் மிஞ்சியது.

எச்சரிக்கை: 'வெப்பநிலை' என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். அதிர்வலை முதலில் அயனிகளைத்தான் சுடவைக்கும், எலக்ட்ரான்கள் பின்னால் வரும்.

இந்த இணைவிலிருந்து கரண்ட் எப்போது வரும்?
என் துறை இல்லை. 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்து ராட்சத லேசர் நிலையமான என்ஐஎஃப்-ல் லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், இணைவு தந்தது 3.15. லேசரை இயக்கச் சுவரிலிருந்து இழுத்தது 300 சொச்சம். மீதியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

குளிர் இணைவு பற்றி...
அது வேறு கடை.

2012-ல் என்ஐஎஃப் பற்றவைக்கத் தவறியதற்கு இந்த அயனி விவகாரம்தானே காரணம்?
இல்லை தம்பி. சமச்சீரின்மை, உறை கிழிந்து எரிபொருளோடு கலப்பது, லேசர்-பிளாஸ்மா தொல்லைகள்: இவைதான் பெரிய குற்றவாளிகள். கடைசி நெருக்கத்தில் அடர்த்தி அவ்வளவு அதிகம், அயனி ஓட இடமே இல்லை.

மறுபடி நான்தான். வேகமான அயனிகள் ஓடுமே! இணைவதே அவைதானே?
இப்போது சரியான இடத்தைத் தொட்டீர்கள். ஆற்றல் 5 மடங்கானால் ஓடும் தூரம் 25 மடங்கு. சராசரி அயனி அடைபட்டிருக்கும்போதே, இணைவுக்கு உழைக்கும் வால்பகுதி அயனிகள் (சராசரியைவிட மிக வேகமான சிலர்) நழுவலாம். ஆனாலும் அது 2012-ன் முதல் காரணம் ஆகாது. என்ஐஎஃப்-ல் எரியும் பிளாஸ்மாக்களில் (இணைவின் சூடே முக்கியமாகச் சுடவைப்பவை) இன்னொரு புதிர்: இணைவில் வெளிவரும் நியூட்ரான்களின் சராசரி ஆற்றல் எதிர்பார்த்ததைவிட மேலே நிற்கிறது. அயனிகளின் வேகப் பரவல் வழக்கமான மேக்ஸ்வெல் வடிவில் (ஒரே வெப்பநிலையில் நிலைத்த வாயுவுக்கு உரிய வடிவம்) இல்லை என்பதற்கு இது சான்று என்று 2022-ல் எழுதினார்கள். ஒற்றை வெப்பநிலை பற்றி மேலே சொன்னேனே, மறுபடி அதேதான்.

சார், கரண்ட் எப்போது...
நான்கு கேள்விக்கு மேலே பாருங்கள்.