தேர்தலில் ஜெயித்து ஏழைகளுக்கு நல்லது செய்யும் தலைவரை ஜனநாயகத்துக்கு ஆபத்து என்கிறார்களே, பாப்புலிசம் அவ்வளவு கெட்டதா?

மேல்தட்டுக்கு எதிராக நிற்கும் சாதாரண மக்களின் குரல் நானே என்று சொல்லி நடத்தும் அரசியல்தான் பாப்புலிசம். ஆனால் நம் ஊரில் பாப்புலிசம் என்றாலே இலவசத் திட்டம் என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழை வீட்டுக்கு அரிசி போவதில் ஜனநாயகத்துக்கு என்ன கேடு? என் பயமெல்லாம், தனக்கு ஓட்டுப் போட்டவர்கள் மட்டும்தான் மக்கள் என்று ஒரு தலைவர் நினைக்க ஆரம்பிப்பதைப் பற்றித்தான்.

தென் அமெரிக்காவில் இருக்கும் வெனிசுவேலாவைப் பாருங்கள். அங்கே பல பத்தாண்டுகள் இரண்டு கட்சிகளே மாறி மாறி ஆண்டன. 1989 பிப்ரவரியில் பஸ் கட்டணம் ஏறியதும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவமும் போலீசும் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றன. அந்தக் கோபத்தைப் புரிந்துகொண்டு பேசிய ஊகோ சாவேஸ் 1998 டிசம்பர் அதிபர் தேர்தலில் 56 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். அது நியாயமான வெற்றி. தலைநகர் கராகஸின் மலைச்சரிவுக் குடிசைகளுக்குள் டாக்டர்களை அனுப்பியதும் அவர் ஆட்சிதான்.

இன்னொன்றும் செய்தார். 1999இல் அவர் கொண்டுவந்த அரசியல் சட்டத்தில், பதவிக்காலம் பாதி முடிந்த பிறகு 20 சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் அதிபரே பதவியில் நீடிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எவ்வளவு அருமையான உரிமை!

அதை நம்பி 2003 கடைசியில் லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2004இல் ஆளுங்கட்சி எம்.பி. லூயிஸ் டாஸ்கோன், கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலை இணையத்தில் ஏற்றினார். அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் போதும், அந்த ஆள் கையெழுத்துப் போட்டவரா என்று தெரிந்துவிடும். வேலை கொடுப்பவர் தட்டிப் பார்க்கலாம், அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் தட்டிப் பார்க்கலாம். பலருக்கு வேலை போயிற்று. அரசியல் சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தியதுதான் அவர்கள் செய்த குற்றம்.

என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். 2004 ஆகஸ்ட் வாக்கெடுப்பில் சாவேஸ் சுமார் 59 சதவீதத்தோடு ஜெயித்தார். பெரும்பான்மை அவர் பக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் மீதி 41 சதவீதம் பேரும் அதே நாட்டு ஜனங்கள்தானே? ஓட்டு எண்ணி முடித்த பிறகும் தோற்றவர்கள் பயமில்லாமல் வேலைக்குப் போக முடிந்தால்தான் அதை ஜனநாயகம் என்பேன்.

2005இல் சாவேஸே அந்தப் பட்டியலைப் புதைத்துவிடுங்கள் என்றார். அப்போது புதைத்து என்ன பயன்? தேசிய எல்லைக் கவுன்சிலில் ஒப்பந்த வேலையில் இருந்த மூன்று பெண்களைக் கையெழுத்துப் போட்டதற்காகவே 2004 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது அரசியல் பழிவாங்கல்தான் என்று அமெரிக்கக் கண்ட நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 2018 ஆகியிருந்தது.